தெயோதோரா காதைத் தொட்ட வயது

உலகெங்கும் பரவி வாழும் தமிழ்ப் பெருமக்கள் கையிலுள்ள வேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டு இச்செய்தியைக் கேட்க வேண்டும். கிரேக்க நாட்டின் வளர்ந்துவரும் டென்னிஸ் வீராங்கனை செல்வி தெயோதோரா மவ்ராகி உண்மையில் என்றைக்குப் பிறந்தார் என்ற வினாவுக்கு, சிதம்பரம் கீழவீதியில், பாத்திரக்கடை மாடியில், மின்விசிறி ஓடாத ஓர் அறையில் விடை கண்டுபிடிக்கப்பட்டது. இந்த வினா கிரேக்க நாட்டில் யாருக்கும் எழுந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

விடை கண்டவர் உலகத் தமிழ் வாழ்வியல் களஞ்சியத்தின் இயக்குநர் கலியமூர்த்தி. அவருடைய பட்டங்களையும் விருதுகளையும் எழுதி முடிக்கும்போது நிறுவனத்தின் கடிதத் தாளில் பெயருக்கு இடம் இருக்காது. பெயர் இரண்டாம் வரிக்குப் போய்விடும். அகிலத்துச் சாதனையாளர் அனைவரின் வாழ்க்கையையும் தமிழில் தருவது அவருடைய இலட்சியம். மருத்துவர்கள் தொகுதியும் மாலுமிகள் தொகுதியும் ஏற்கெனவே வந்துவிட்டன. இப்போது விளையாட்டு வீரர்கள்.

இலட்சியம் அவருடையது, வேலை ஜான்சியுடையது.

ஜான்சி அங்கே தற்காலிக மொழிபெயர்ப்பாளர். தற்காலிகமாகச் சேர்ந்தபோது அவள் மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சையே எழுதிவிட்டாள். தினமும் காலையில் கடலூர் முதுநகரில் பேருந்து ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஆடி அசைந்து சிதம்பரம் வந்து, மாலையில் அப்படியே திரும்பிப் போவதில் அவளுடைய இளமை நல்லபடியாகக் கழிந்தது. களஞ்சியத்தின் விதி என்னவென்றால், நாற்பது வயது நிறைவதற்குள் நிரந்தரம் செய்தால் உண்டு. நிறைந்துவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் தற்காலிகம்தான். சான்றிதழ்படி ஜான்சிக்கு ஜூன் ஒன்றாம் தேதி நாற்பது நிறைகிறது.

"விளையாட்டுத் தொகுதி வெளியாவட்டும்மா. அன்னிக்கே மேடையில வெச்சு உன் கோப்புல கையெழுத்துப் போடறேன்" என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். மே மாதத் தொடக்கத்தில் தொகுதிக்கு ஒரே ஒரு கட்டுரைதான் பாக்கி. அது தெயோதோரா.

தெயோதோரா பட்டியலில் சேர்ந்தது ஒரு சலூனில். இயக்குநர் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தபோது தொலைக்காட்சியில் அந்தப் பெண் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். கிரேக்கம் என்று கேட்டதும் பாதித் தலையோடு எழுந்துவிட்டார். 'யவனர் கப்பல் வந்து நின்ன கரை இது. அந்த வம்சத்துப் பொண்ணு ஒண்ணை விட்டுட்டுத் தொகுதி போட்டா வரலாறு நம்மளக் காறித் துப்பும்' என்றார். முடிவெட்டுபவர், வரலாறு துப்பட்டும், முதலில் தலையைக் குனியுங்கள் என்று அமுக்கி உட்கார வைத்தாராம்.

ஜான்சி அந்தக் கட்டுரையை மூன்றே நாளில் முடித்துவிட்டாள். டென்னிஸ் சங்கத்தின் பக்கம், போட்டி நடத்துபவர்களின் பக்கம், கிரேக்கப் பத்திரிகைகளின் ஆங்கிலப் பதிப்பு என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஊர் வோலோஸ். வலது கை ஆட்டம். பிறந்த தேதி ஜூன் 2. எங்கும் ஒரு முரண்பாடும் இல்லை. முரண்பாடு இல்லாததுதான் இயக்குநருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"ஜூன் ரெண்டா?" என்று கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாங்கய்யா. எல்லா எடத்துலயும் அதேதான் போட்டிருக்கு."

"ஜூன் மாசம் இன்னா மாசம்?"

ஜான்சி மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் தொறக்குற மாசம்மா! ஜூன் ரெண்டுன்னா அது வாத்தியார் போட்ட தேதி. யாரும் ஜூன்ல பொறக்கறதில்ல. சேத்துக்கறப்ப எட்மாஸ்டரு வாயில வந்தத எழுதறதுதான். என்னுது ஜூன் நாலு. தேவநாதா, உன்னுது?"

தேவநாதன் களஞ்சியத்தின் ஒரே எழுத்தர். தட்டச்சிலிருந்து தலை நிமிராமலே, "மே முப்பத்தொண்ணுங்கய்யா" என்றார்.

"நெசமாப் பொறந்தது?"

"ஆடி மாசம், மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துன அன்னிக்கின்னு எங்கம்மா சொல்லும். எந்த ஆடின்னு கேட்டா அடிக்க வரும்."

"பாத்தியாம்மா? இந்த ஆபீசுல மூணு பேரு. மூணு பேருக்கும் தேதி பொய்யி. கிரீஸ்ல மட்டும் அரிச்சந்திரனா ஒக்காந்து அட்மிஷன் போடுறான்?"

"அங்க பள்ளிக்கூடம் செப்டம்பர்லதாங்கய்யா தொறக்குது."

"ஆதாரம்?"

ஆதாரம் என்பது இயக்குநர் அடிக்கடி கேட்கும் பொருள். கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அப்போதுதான் ஜான்சி அந்தத் தவற்றைச் செய்தாள். பேச்சு வயதுப் பக்கம் வந்ததே, இதுதான் சாக்கு என்று தன் கதையைச் சொன்னாள். அவள் பிறந்தது மாசி மகத்தன்று. தேவனாம்பட்டினத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்குப் போகிற கூட்டத்தில் அவள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போன ரிக்‌ஷா மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலை எட்டவில்லை. நாலு வயதில் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனபோது தலைமையாசிரியர், "தலைக்கு மேல கையப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடு" என்றார். எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா என்பார். ஜான்சிக்குப் பிறவியிலேயே நீளக் கை. லபக்கென்று பிடித்துவிட்டாள். அவர் ஐந்து வயது போட்டு, அவள் பிறப்பதற்கு முந்தைய வருடத்து ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார்.

"அதனால, உண்மையில எனக்கு நாப்பது நெறையறது அடுத்த மாசி மகத்துக்குத்தாங்கய்யா. இன்னும் காலம் இருக்கு" என்று முடித்தாள்.

இயக்குநரின் முகத்தில் ஓர் ஒளி தோன்றியது. தன் கோப்பைத்தான் நினைக்கிறார் என்று ஜான்சி நினைத்தாள்.

"தூக்கும்மா கைய!"

தூக்கினாள். காதைத் தொட்டாள். தேவநாதனையும் தூக்கச் சொன்னார். பிறகு தானும் தூக்கினார்; சட்டையின் அக்குள் தையல் டர்ரென்று விட்டது. அதைப் பொருட்படுத்தாமல், ஒரு கை தலையைச் சுற்றியிருக்க, மறு கையால் மேசையைத் தட்டினார்.

"கை நீளம்னா காது சீக்கிரம் எட்டும். காது சீக்கிரம் எட்டுனா வயசு ஜாஸ்தி போடுவான். டென்னிஸ் ஆடுறவளுக்குக் கை எப்படி இருக்கும்? அந்தப் போட்டோவ எடு!"

புகைப்படத்தில் தெயோதோரா பந்தை எட்டிப் பிடிக்க உடம்பையே வில்லாக வளைத்து நின்றாள். கை போய்க்கொண்டே இருந்தது.

"இந்தக் கைக்கு நாலு வயசுலயே காது எட்டிருக்கும்! இவளுக்கு இருபத்தொண்ணு இல்ல. இருபது! உலகமே ஏமாந்து நிக்குதும்மா!"

"ஐயா, என் கோப்பு..."

"கோப்பெல்லாம் அப்புறம். சரித்திரம் நடந்துகிட்டு இருக்குறப்ப குறுக்க பேசாத."

அன்று முதல் தொகுதி நின்றுவிட்டது. அச்சகத்தில் மற்றக் கட்டுரைகள் எல்லாம் தயாராகக் காத்திருந்தன. கிரேக்க டென்னிஸ் சங்கத்துக்கு ஜான்சி இயக்குநர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினாள்: தாங்கள் வெளியிட்டுள்ள தேதி பிறந்த தேதியா, பள்ளியில் சேர்த்த ஆசிரியர் போட்ட தேதியா, வீராங்கனை எந்த வயதில் காதைத் தொட்டார், தயவுசெய்து தெரிவிக்கவும். நாலு நாளில் பதில் வந்தது. 'உங்கள் கேள்வி எங்களுக்குப் புரியவில்லை' என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"புரியலியாமே" என்று இயக்குநர் சிரித்தார். "புரியாமயா இருக்கும்? மாட்டிக்கிட்டாங்க. அந்த ஊரு முனிசிபாலிட்டிக்கு ஒண்ணு போடு."

போட்டாள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று இயக்குநர் கட்டுரையைத் தமிழ்ப்படுத்தினார். அதாவது, ஜான்சி ஏற்கெனவே தமிழில் எழுதியிருந்ததை மேலும் தமிழ்ப்படுத்தினார். 'எதிராளி தொட முடியாத சர்வீஸ்' என்று அவள் எழுதியதை 'தீண்டவொண்ணாத் தொடக்கவீச்சு' ஆக்கினார். களஞ்சியத்தின் ஒவ்வொரு கட்டுரைக்கும் 'தமிழ்த் தொடர்பு' என்று ஒரு பத்தி கட்டாயம் உண்டு. தெயோதோரா ஒரு பேட்டியில் தனக்குக் கடலில் நீந்தப் பிடிக்கும் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 'கடல்வழி நம் கரை கண்ட முன்னோரின் குருதி நினைவு இவரது ஆட்டத்தில் அலையடிக்கிறது' என்று இயக்குநர் எழுதினார். ஜான்சி அதையும் பிழைதிருத்தினாள்.

ஒரு வாரம் போயிற்று. முனிசிபாலிட்டியிலிருந்து பதில் இல்லை. இயக்குநருக்குச் சான்றொப்பம் ஞாபகம் வந்தது. நம் ஊரில் எந்த நகலும் பச்சை மையில் ஓர் அரசு அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் உண்மையாகும். ஆகவே தெயோதோராவின் புகைப்படத்தையும் வாழ்க்கைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு, ஸ்ரீமுஷ்ணத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் தன் மச்சான் சுப்பிரமணியனிடம் போகும்படி ஜான்சியை அனுப்பினார்.

கத்திரி வெயிலில் புவனகிரி, சேத்தியாத்தோப்பு என்று இரண்டு பேருந்து மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது, மருத்துவர் முழங்கை வரை உறை போட்ட ஒரு கையை ஒரு சினைப் பசுவுக்குள் விட்டிருந்தார். அந்த நிலையிலேயே விவரம் கேட்டார்.

"யாரும்மா இது? நம்ம மாமாவுக்குச் சொந்தமா?"

"இல்ல சார். கிரீஸ்காரப் பொண்ணு. டென்னிஸ் ஆடுது. வயசு இருபதா இருபத்தொண்ணான்னு..."

"மாடுன்னா பல்லைப் பாத்துச் சொல்லிடுவேன். பல்லு தெரியிற மாதிரி போட்டோ இருக்கா?"

இருந்தது. ஏதோ ஓர் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டுத் தெயோதோரா வாய் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். மருத்துவர் குனிந்து பார்த்தார். மாட்டின் சொந்தக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"எல்லாப் பல்லும் போட்டாச்சு" என்றார் மருத்துவர். "நல்ல பல்லு."

"கறவைல இருந்தா நல்ல வெலைக்குப் போவும்" என்றார் மாட்டுக்காரர்.

"யோவ், அது பொண்ணுய்யா."

"தப்பா நெனச்சுக்காதம்மா" என்று மாட்டுக்காரர் புகைப்படத்தைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டார்.

மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பச்சைப் பேனாவால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, 'அசல் பார்க்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தினார்.

"எந்த அசலைப் பாத்தீங்க சார்?" என்று ஜான்சியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதெல்லாம் பாத்துகிட்டா குத்துவாங்க? முத்திரைல அப்படித்தான்மா வெட்டிக் குடுத்தான்."

அன்று அவள் வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கணவன் ராபர்ட், பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், சுடிதாரில் சாண வாசனை வருவதைக் கண்டுபிடித்தான்.

"டென்னிஸ் கட்டுரைக்குப் போனேன்னு சொன்ன?"

"அதுக்குத்தான் போனேன்."

"இன்னாடி இது? அவரு பாட்டுக்கு இழுத்துகிட்டே போறாரு. ஜூன் ஒண்ணு வந்துடும்டி."

"தெரியுது. எனக்குத்தான நாப்பது ஆவுது, எனக்குத் தெரியாதா?"

"கோயில்ல ஞானஸ்நானப் பதிவு இருக்குல்ல? ஃபாதர் கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டுப் போ. பொறந்த தேதி அதுல கரெக்டா இருக்கும். அவரே ஆதாரம் ஆதாரம்னு உசுர எடுக்குறாரு. மூஞ்சில அடி ஆதாரத்த."

ஜான்சி அப்படியே செய்தாள். மே மாதக் கடைசி வாரத்தில், பங்குத் தந்தை கொடுத்த சான்றிதழை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குள் போனாள். உள்ளே அவரும் தேவநாதனும் வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா! முடிவு பண்ணியாச்சு. கடலூர் மஞ்சக்குப்பத்துல மண்டபம். ஜூன் ரெண்டு!"

ஜான்சி விரலை மடக்கி எண்ணினாள். "ஐயா, ரெண்டு நாள்... ரெண்டே ரெண்டு நாள் முன்னாடி... மே முப்பத்தொண்ணு வெக்கக் கூடாதுங்களா?"

"அந்தப் பொய்யான தேதியிலயே உண்மைய வெளியிடணும்மா! அதுலதான் அழகு இருக்கு."

"அதுவும் இல்லாம," என்றார் தேவநாதன், "ஜூன் ஒண்ணு அங்க கல்யாணம். வாழமரம், மேடை ஜோடிப்பு எல்லாம் கட்டினது கட்டினபடி கெடக்கும். நமக்குச் செலவில்ல."

ஜான்சி சான்றிதழை மேசையில் வைத்தாள். "ஐயா, நீங்க சொன்ன அதே விஷயம்தான். நீளக் கை, ஒரு வயசு ஜாஸ்தி. எனக்கு ஆதாரமே இருக்குங்கய்யா. கோயில் முத்திரையோட. இதப் பாத்துப் பண்ணிக் குடுத்தீங்கன்னா..."

இயக்குநர் சான்றிதழை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதன்முறையாக ஓர் ஆதாரத்தை முழுவதும் படித்தார். பிறகு அதைப் பக்குவமாக மடித்து அவளிடமே கொடுத்தார்.

"பள்ளிச் சான்றிதழ்ல இன்னா இருக்கோ அதாம்மா உன் வயசு."

"தெயோதோராவுக்கு மட்டும்...?"

"அது ஆராய்ச்சி. இது நிர்வாகம்."

ஜான்சி தேவநாதனைப் பார்த்தாள். தேவநாதன் தட்டச்சைப் பார்த்தார்.

விழா நடந்தது. வாசலில் ஃபிளெக்ஸில் இயக்குநர் பெரிதாகவும், தெயோதோரா அவர் தோளுக்குப் பக்கத்தில் சின்னதாகவும் இருந்தார்கள். மேடைச் சுவரில் தெர்மாக்கோல் எழுத்தில் மாப்பிள்ளை பெண் பெயர்கள் அப்படியே ஒட்டியிருந்தன, யாரும் எடுக்கவில்லை. ஆகவே இயக்குநர் எழுந்து நின்றபோதெல்லாம் அவர் தலைக்கு மேல் 'எழிலன் – இளமதி' என்று மின்னியது. முதல் வரிசையில் மாவட்டத்தின் கவிஞர்கள் பொன்னாடைக்குக் காத்திருந்தார்கள். பின்வரிசையில் முந்தின நாள் கல்யாணத்தில் இருந்து இன்னும் கிளம்பாத பெண்வீட்டுச் சொந்தங்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சிக்கு நாற்பது வயதும் ஒரு நாளும்.

வாழ்த்துரைகள் ஓடிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அதிர்ந்தது. வோலோஸ் நகராட்சி.

'அன்புள்ள திருமதி ஜான்சி, தாமதத்துக்கு மன்னிக்கவும். செல்வி மவ்ராகி ஜூன் இரண்டாம் தேதி எங்கள் ஊர் மருத்துவமனையில் பிறந்தார். பதிவின் நகலை இணைத்துள்ளோம். அவருடைய தாயார் எங்களுக்குப் பக்கத்து அறையில்தான் வேலை பார்க்கிறார். அவரிடமும் கேட்டோம். ஜூன் இரண்டுதான் என்கிறார். அந்தச் சமயத்தில் தானும் அங்கே இருந்ததாகச் சொல்கிறார். காது பற்றி நீங்கள் கேட்டது எங்களுக்குப் புரியவில்லை என்றாலும் அலுவலகத்தில் எல்லோரும் செய்து பார்த்தோம். கணக்குப் பிரிவில் ஒருவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. இப்படிக்கு...'

ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு, இவ்வளவு வருஷம் வேலை பார்த்த பழக்கம் விடுமா, எழுந்து மேடையின் பக்கவாட்டுப் படியில் ஏறி, இயக்குநரின் காதருகே குனிந்து கைபேசியைக் காட்டினாள்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பெத்தவ சொல்றாளா?"

"பதிவும் இருக்குங்கய்யா. ஆஸ்பத்திரிப் பதிவு."

"பெத்தவங்க சாட்சி ஆராய்ச்சில செல்லாதும்மா. பாசம் கலந்துருக்கும்." கைபேசியை அவள் கையில் திருப்பித் திணித்தார். "பந்தியில எல சரியாப் போட்டாங்களான்னு பாரு, போ."

பிறகு அவர் பேசினார். நாற்பது நிமிடம் பேசினார். சான்றிதழ் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது என்றார். தன் கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தொட்டுக் காட்டினார். இந்தத் தடவை புதுச் சட்டை, தையல் தாங்கியது. மண்டபமே கையைத் தூக்கியது. கவிஞர்கள் தொட்டார்கள். பெண்வீட்டுச் சொந்தங்களும், கல்யாணத்தில் ஏதோ புதுச் சடங்கு போலிருக்கிறது என்று தொட்டார்கள். கரவொலி ஓயவே இல்லை.

சாப்பாட்டின்போது இயக்குநர் ஜான்சியின் இலைக்கு அருகில் வந்து நின்றார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"ஒரு நாள்ல போச்சேம்மா. எனக்கே மனசு கேக்கல. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கில்ல. நீ ஒண்ணும் கவலப்படாத. அடுத்து நீச்சல் வீரர்கள் தொகுதி. நீதான் பண்ற. அப்படியே, தற்காலிகமா."

"சரிங்கய்யா" என்றாள் ஜான்சி. சொல்லிவிட்டு ரசத்துக்குச் சோற்றைக் குழி பண்ணினாள்.

வாசலில் வண்டியோடு நின்ற ராபர்ட், "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

தெயோதோரா மவ்ராகி பிறந்தது ஜூன் இரண்டாம் தேதி. ஜான்சி தற்காலிக ஊழியர்.